மூச்சடக்கும் எல்லை
மன்னார்ச் சலாபத்தின் வரலாறு காட்டும் உண்மை

நமது ஊரின் பெயர் பெரியமடு. மடு என்பது ஆழமான நீர்நிலை. ஆகவே ஊரின் பெயரைச் சொல்லும்போதே நாம் ஆழத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி வயலும் குளமும் சூழ வாழ்பவர்களாயினும், நாமும் மன்னார்க் கடலின் மக்களே. அக்கடல் ஒரு காலத்தில் உலகெங்கும் அறியப்பட்டிருந்தது. அதற்குக் காரணம் முத்து. முத்து வெளிவந்ததற்குக் காரணம் மனிதனுடைய ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சின் அளவு எவ்வளவு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சியில் எமக்கு விருப்பம் பிறந்தது நூல்களால் அன்று, குளத்தினால். நாம் சிறுவராயிருந்த காலத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து குளத்திலே சுழியோடி விளையாடுவது வழக்கம். ஒருவன் தண்ணீருக்குள் தாழ்வான். மற்றவர்கள் கரையிலிருந்து எண்ணுவார்கள். அறுபது எண்ணும்வரை உள்ளே கிடப்பவன் அன்றைய வீரன். ஒருநாள் எம்முடைய நண்பன் ஒருவன் புதிய உபாயம் ஒன்றைச் செய்தான். நாய் இளைப்பதுபோல வேகவேகமாகப் பலமுறை மூச்சை இழுத்து இழுத்து விட்டபின் தண்ணீருக்குள் தாழ்ந்தான். அறுபது தாண்டியது, எண்பது தாண்டியது. நாம் கைதட்டினோம். நூறு ஆனபோது கைதட்டல் நின்றுவிட்டது. அக்கம்பக்கத்தில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்கள் முகத்தைப் பார்த்தே விஷயத்தை விளங்கிக்கொண்டு பாய்ந்து அவனைத் தூக்கினார். உதடு நீலம் பாரித்து, கைகால் சோர்ந்து கிடந்தான். நல்ல காலம், சற்று நேரத்தில் இருமி மூச்சு விட்டான்.

பிறகு நாங்கள் அவனிடம், "மூச்சு முட்டினவுடனே ஏன்ரா மேலே வரேல்லை?" என்று கேட்டோம். "மூச்சு முட்டவேயில்லை, நித்திரை வந்தமாதிரி இருந்தது" என்றான். பெரியவரோ, "தம்பிமார், முத்துக் குளிக்கிறவன்கூட மேலே ஒருத்தன் கயிறு பிடிக்காமல் தாழமாட்டான். நீங்கள் அவனைவிடப் பெரியவங்களோ?" என்று ஏசிவிட்டுப் போனார். அந்த இரண்டு வாக்கியங்களும் எம்மை விட்டு நீங்கவில்லை. மூச்சுத் தீர்ந்தவனுக்கு மூச்சு முட்டாமற் போனது எப்படி? முத்துக் குளிப்பவன் கயிற்றை நம்பியது ஏன்? இரண்டுக்கும் விடை ஒன்றே என்பதைப் பிற்காலத்திற் கண்டோம்.

பழையோர் கூறியவை

முத்துக்குளிப்பு மன்னார்க் குடாவின் இரு கரைகளிலும் மிகப் பழைய தொழில். கி. பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கொள்ளப்படும் கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்புளூஸ், பாண்டிய நாட்டுக் கொற்கையிலே குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டோர் முத்துக் குளிக்க அனுப்பப்பட்டனர் என்று கூறுகிறது. இச்செய்தியைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். மன்னரின் முடியிலும் மங்கையரின் மார்பிலும் ஒளிவீசிய பொருளைக் கொண்டுவருவது தண்டனைக்குரிய வேலையாக இருந்தது. மூச்சை அடக்குதல் எத்துணைத் துன்பமானது என்பதற்கு இதனினும் பழைய சாட்சி வேண்டுவதில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, வணிகர் படகுகளில் ஆட்களை ஏற்றிச் சென்று முத்துக் குளிப்பித்ததையும், கிடைத்ததிற் பத்தில் ஒரு பங்கை அரசனுக்கும், சுறாமீன்களை மந்திரத்தாற் கட்டியவர்களுக்கு இருபதில் ஒரு பங்கையும் கொடுத்ததையும் எழுதியிருக்கிறார். பதினான்காம் நூற்றாண்டில் பயணஞ் செய்த இபன் பதூதாவோ பாரசீகக் குடாவின் முத்துக் குளிப்போரைப்பற்றிக் கூறுமிடத்து, சிலர் ஒரு மணி, இரண்டு மணி நேரமும் நீருக்குள் இருப்பர் என்று எழுதிவிட்டார். இது கேள்விச் செய்தி என்பதிற் சந்தேகமில்லை. கரையிலே நின்று கேட்பவனுக்குக் கதை நீளும். தண்ணீருக்குள் இருப்பவனுக்கு மூச்சு நீளாது.

போர்த்துக்கேயர் காலத்தின் இறுதியில் இலங்கையிற் போர்வீரராக இருந்த ரிபைரோ இதனினும் பொறுப்பாக எழுதினார். கத்தோலிக்கர் ஓதும் விசுவாசப் பிரமாணத்தை இரண்டுமுறை சொல்லி முடிக்கும் நேரமே சுழியோடி நீருக்குள் தங்குவான் என்பது அவர் கூற்று. நிதானமாகச் சொல்லிப் பார்த்தால் அது ஏறக்குறைய ஒரு நிமிடம். கடிகாரம் இல்லாத படகிலே பிரார்த்தனையே கடிகாரமாயிற்று.

கல்லும் கயிறும் கூடையும்

மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய கரைகளுக்கு மேற்கே கடலடியில் முத்துச்சிப்பி படியும் பாறைத் திடல்கள் உள்ளன. அவற்றைப் பார் என்பர். பெரிய பார், செவல் பார், மோதரகம் பார் என்பன அவற்றுட் பெயர்பெற்றவை. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலே, தேசாதிபதி பிரடரிக் நோர்த் 1801 முதல் 1804 வரையில் அரிப்பில் ஒரு மாளிகை கட்டுவித்தார். சலாபத்தை மேற்பார்வை செய்வதற்கு உதவிய அம்மாளிகை இன்று இடிந்து, கடலரிப்பினால் நாளுக்குநாள் குறைந்துகொண்டு நிற்கிறது. அவ்வழியே செல்லும் இளைஞர்கள் அதனை வெறும் குட்டிச்சுவர் என்று எண்ணிக் கடந்து போகாதிருப்பார்களாக.

சலாப காலம் மாசி, பங்குனி மாதங்களை ஒட்டியது. கடல் அமைதியாக இருப்பது அப்போதுதான். நள்ளிரவையொட்டிக் கரையிலே பீரங்கி முழங்கும். படகுகள் தரைக்காற்றைப் பிடித்துப் புறப்பட்டு விடியும்போது பாரை அடையும். சூரியன் ஏறியதும் குளிப்புத் தொடங்கும். நண்பகல் அளவில் நிறுத்திக் கடற்காற்றைப் பிடித்துக் கரை திரும்புவர்.

ஒரு படகிலே பெரும்பாலும் பத்துச் சுழியோடிகள், ஐந்து கற்கள். ஒரு கல்லுக்கு இருவர். ஒருவர் நீருக்குள் தாழ, மற்றவர் இளைப்பாறுவார். முப்பது நாற்பது இறாத்தல் நிறையுள்ள கல்லொன்று கயிற்றிலே தொங்கும். சுழியோடி அதன்மேற் காலை வைத்து, ஒரு கையாற் கயிற்றைப் பிடித்து, மறு கையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். அராபியர் மட்டும் கொம்பினாற் செய்த கிடுக்கியை மூக்கில் மாட்டுவர். கயிறு விடப்பட்டதும் கல் அவரை நேரே அடிக்குக் கொண்டுபோகும். அடியை அடைந்ததும் கல்லை விட்டுவிடுவார். மேலே நிற்பவர் அதனை இழுத்துக்கொள்வார். சுழியோடி கையிற் பட்ட சிப்பிகளை வாரிக் கழுத்திலோ இடுப்பிலோ கட்டிய வலைக்கூடையில் நிரப்பிக் கயிற்றை அசைப்பார். மேலே நிற்பவர் உடனே இழுப்பார்.

இம்முறையிலுள்ள நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இறங்கும்போது நீந்துவதில்லை, கல் இறக்குகிறது. ஏறும்போதும் பெரும்பாலும் நீந்துவதில்லை; கயிறு ஏற்றுகிறது. உடலின் உழைப்பு முழுவதும் அடியிலே சிப்பி பொறுக்கும் சில விநாடிகளுக்காகச் சேமிக்கப்படுகிறது. உழைப்புக் குறைந்தால் உடம்பு செலவிடும் பிராணவாயுவும் குறையும். விஞ்ஞானக் கல்வி பெறாத நம் முன்னோர் அனுபவத்தினாலே கண்ட கணக்கு இது.

கடல்கட்டி என்பவரையும் மறந்துவிடலாகாது. சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுபவர் என்பதே அப்பெயரின் பொருள். அவர் கரையில் நின்று தம் கிரியைகளைச் செய்தாலன்றிச் சுழியோடிகள் கடலில் இறங்க மறுத்தனர். ஆகவே ஆங்கில அரசாங்கமும் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. பரம்பரையாக ஒரு குடும்பத்துக்கு உரியதாயிருந்த இப்பதவியை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கத்தோலிக்கர் ஒருவர் வகித்ததாக எமர்சன் ரெனன்ற் எழுதுகிறார். மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, அச்சத்தைக் கட்டியது. அச்சமுற்றவனின் இதயம் விரைந்து துடிக்கும். மூச்சு விரைவில் தீரும். மனம் அமைதியுற்றவனுக்கே மூச்சு நீளும். இதனை யோக நூலாரும் அறிந்திருந்தனர். திருமூலர் திருமந்திரத்தில் பிராணாயாமத்தைக் கூறுமிடத்து, பதினாறு மாத்திரை உள்வாங்கி, அறுபத்து நான்கு மாத்திரை நிறுத்தி, முப்பத்திரண்டு மாத்திரை வெளிவிடும் அளவு கூறப்படுகிறது. ஆங்கும் எண்ணிக்கை உண்டு, எல்லை உண்டு. வீறாப்புக்கு இடமில்லை.

எத்தனை விநாடி?

இனி, வினாவுக்கு வருவோம். 1803-ஆம் ஆண்டிலே இலங்கையைப்பற்றி நூல் வெளியிட்ட றொபேட் பேர்சிவல் என்ற ஆங்கிலப் படைத்தலைவர், சுழியோடிகள் சாதாரணமாக இரண்டு நிமிடம் வரை தங்குவர் என்றும், 1797-இல் அஞ்செங்கோவிலிருந்து வந்த ஒருவர் முழுமையாக ஆறு நிமிடம் தங்கினார் என்றும் எழுதினார். ஒருவர் நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முறை தாழ்வார்; ஒவ்வொரு முறையும் நூறு சிப்பியளவில் கொண்டுவருவார்; சிலருக்குக் காதிலும் மூக்கிலும் இரத்தம் வடியும் என்பனவும் அவர் தரும் செய்திகள்.

ஆயின், முத்துப் பார்களின் மேற்பார்வையாளராகப் பல்லாண்டு கடமையாற்றிய ஜேம்ஸ் ஸ்ரூவாட் வேறு விதமாகச் சொன்னார். அவருடைய சாட்சியத்தை ரெனன்ற் 1859-இல் வெளிவந்த தமது நூலிற் பதிந்துள்ளார். அரிப்பிலே எந்தச் சுழியோடியும் 87 விநாடிக்கு மேல் நீருக்குள் தங்கியதையோ, 13 பாகத்துக்கு மேல் ஆழ்ந்ததையோ அவர் கண்டதில்லை. ஒன்பது பாக ஆழத்தில் வழக்கமாக 55 விநாடிக்கு மேற் செல்வதும் அரிது.

இருவரில் யாரை நம்புவது? பேர்சிவல் ஓர் அதிசயத்தைக் கூறினார். ஸ்ரூவாட் ஒரு தொழிலைக் கூறினார். யாரோ ஒருவர் ஒருமுறை, ஆழமில்லாத இடத்தில், அசையாமற் கிடந்து நெடுநேரம் மூச்சடக்குவது நடக்கக்கூடியதே. ஆனால் ஒன்பது பாகம், அதாவது பதினாறு மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திலே, சிப்பியைப் பிடுங்கி வாரிக்கொண்டு, அன்றைக்கே நாற்பது முறை, மறுநாளும் நாற்பது முறை தாழ்பவரின் அளவு அதுவாக இருக்க முடியாது. அவருடைய அளவு ஒரு நிமிடத்துக்கு உட்பட்டதே. வரலாற்றைப் படிப்போர் அதிசயத்தையும் அளவையும் பிரித்தறிய வேண்டும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

1905

அந்த ஐம்பத்தைந்து விநாடியின்மேல் ஓர் அரசாங்கத்தின் வருமானம் நின்றது. 1905-ஆம் ஆண்டுச் சலாபமே ஏடுகளிற் பதிந்த சலாபங்களுள் மிகப் பெரிது. மறிச்சுக்கட்டி மணற்பரப்பிலே ஓலையாலும் தடியாலும் ஒரு பட்டினம் எழுந்தது. ஏறத்தாழ 5,000 சுழியோடிகள். எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள். அரசாங்கத்துக்கு ஏறக்குறைய 25 இலட்சம் ரூபா. தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், எமது மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியார், பாரசீகக் குடாவின் அராபியர் ஆகியோர் ஒரே பாரில் மூழ்கினர். கொட்டு எனப்பட்ட அடைப்புக்குள் சிப்பிகள் மூன்று குவியலாகப் பிரிக்கப்பட்டன. இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று படகாருக்கு. மூச்சு முழுவதும் சுழியோடியுடையது. பங்கு மூன்றில் ஒன்று.

அடுத்த ஆண்டு, 1906-இல், இலண்டனில் அமைந்த ஒரு கம்பெனிக்கு இருபது வருடக் குத்தகையாகப் பார்கள் விடப்பட்டன. குத்தகை ஆண்டுக்கு 3,10,000 ரூபா. 1907-க்குப் பின்னர் சிப்பி இல்லை. கம்பெனி சில ஆண்டுகளுள் மூடப்பட்டது. அதன்பின் 1925-இல்தான் குறிப்பிடத்தக்க சலாபம் ஒன்று நடந்தது. அக்காலத்திலே ஜப்பானியரின் வளர்ப்பு முத்து உலகச் சந்தையைப் பிடித்துவிட்டமையால், பழைய பெருமை பின்பு மீளவில்லை.

1906-ஆம் ஆண்டுச் சலாபத்தில் இளம் உத்தியோகத்தராகப் பணிபுரிந்த லெனாட் வூல்ப், பிற்காலத்திற் புகழ்பெற்ற எழுத்தாளர். நீருக்குள் இறந்துபோன அராபியச் சுழியோடி ஒருவரின் உடல் கரைக்குக் கொண்டுவரப்பட்டதையும், தோழர்கள் சூழ்ந்திருந்து அழுததையும் அவர் எழுதியிருக்கிறார். எண்ணற்ற கணக்கேடுகளில் சிப்பியின் தொகை உண்டு, ரூபாவின் தொகை உண்டு. இறந்த ஒருவனைப்பற்றிய நினைவு ஓர் அந்நியரின் நூலிலேதான் நிலைத்திருக்கிறது.

விஞ்ஞானம் தரும் விடை

வியப்பானது என்னவென்றால், மறிச்சுக்கட்டியில் எட்டுக் கோடிச் சிப்பி எடுக்கப்பட்ட அதே 1905-இல்தான், மூச்சு ஏன் முட்டுகிறது என்பதற்கான விடை இங்கிலாந்தில் வெளியாயிற்று. ஜோன் ஸ்கொட் ஹோல்டேன், பிறீஸ்ற்லி என்ற இரு விஞ்ஞானிகள், மூச்சு விடும்படி நம்மை நெருக்குவது பிராணவாயுக் குறைவு அன்று, உடலிற் சேரும் கரியமிலவாயுவின் மிகுதியே என்று காட்டினர். நுரையீரற் காற்றில் கரியமிலவாயு நூற்றுக்கு 0.2 பங்கு கூடினாலே மூச்சு ஏறக்குறைய இரட்டிக்கின்றது.

இப்போது எம் நண்பனிடம் திரும்புவோம். வேகவேகமாக மூச்சு விட்டபோது அவன் உடலிலிருந்த கரியமிலவாயு வெளியேறிவிட்டது. பிராணவாயுவோ அதற்கேற்பக் கூடவில்லை. ஆகவே காவற்காரனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைத்தவன்போல ஆனான். பிராணவாயு தீர்ந்துகொண்டிருந்தது, எச்சரிக்கும் மணி அடிக்கவில்லை. மூச்சு முட்டுமுன் மூளை மயங்கிவிட்டது. நித்திரை என்று அவன் கூறியது அந்த மயக்கத்தையே.

ஆழத்தில் இன்னுமொரு பொறி உண்டு. பத்து மீற்றர் இறங்கும்போது அமுக்கம் இரு மடங்காகி, நுரையீரற் காற்று பாதியளவாகச் சுருங்கும். ஒன்பது பாகத்தில் ஐந்தில் இரண்டு பங்களவாகும். அமுக்கம் மிகுந்திருக்கும்வரை எஞ்சிய பிராணவாயுவும் இரத்தத்துக்குள் நெருக்கித் தள்ளப்படுகிறது. அதனால் அடியிலே இருப்பவனுக்குக் குறைவு தோன்றாது. மேலேறும்போது அமுக்கம் குறைய, பிராணவாயுவின் வலுவும் திடீரென்று விழுந்துவிடும். ஆகவே மயக்கம் வருவது பெரும்பாலும் அடியில் அன்று, வெளிச்சம் தெரியும் மேற்பரப்பின் அருகில். கயிறு பிடித்தவரின் அருமை அங்கேதான் விளங்குகிறது. மயங்கியவன் தானாக மேலே வரமாட்டான். கயிறு அவனைக் கொண்டுவரும்.

இயற்கையும் நமக்குச் சிறிது துணைசெய்கிறது. முகம் குளிர்ந்த நீரிற் பட்டதும் இதயத் துடிப்புக் குறைகிறது; மண்ணீரல் சுருங்கிச் சேமித்த குருதியை வெளிவிடுகிறது. தலைமுறை தலைமுறையாகச் சுழியோடி வாழும் தென்கிழக்காசியப் பஜாவு மக்களின் மண்ணீரல், அயலிலுள்ள உழவரினதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிது என 2018-இல் வெளிவந்த ஆராய்ச்சி கூறுகிறது.

பயிற்சியால் எல்லை எவ்வளவு விரியும் என்பதற்கும் சான்று உண்டு. 2009-இல் பிரான்ஸ் நாட்டு ஸ்ரெபான் மிப்சூட் அசையாமல் நீரிற் கிடந்து 11 நிமிடம் 35 விநாடி மூச்சடக்கினார். முன்னதாகத் தூய பிராணவாயுவைச் சுவாசித்துவிட்டு, 2021-இல் குரோசிய நாட்டுப் புடிமிர் ஷோபாற் 24 நிமிடம் 37 விநாடி இருந்தார். இவை போற்றத்தக்கனவே. ஆனால் அவர்களின் பக்கத்தில் எப்போதும் ஆள் நின்றது. அதனை மறந்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்வோரே குளங்களிலும் கிணறுகளிலும் உயிரிழக்கின்றனர்.

முடிவுரை

இன்று முத்துச் சலாபம் இல்லை. ஆயினும் மன்னார்க் கடலிற் சுழியோடுதல் ஒழிந்துவிடவில்லை. சங்குக்கும் கடலட்டைக்கும் இளைஞர் இறங்குகின்றனர், சிலிண்டரும் வந்துவிட்டது. சிலிண்டர் மூச்சின் எல்லையை நீட்டியது. ஆனால் அமுக்கத்தின் எல்லையை நீக்கவில்லை. ஆழத்திலே நெடுநேரம் இருந்துவிட்டு விரைந்து மேலேறினால், குருதியிற் கரைந்த நைதரசன் குமிழாகி மூட்டையும் முள்ளந்தண்டையும் தாக்கும். கைகால் விளங்காமற் போகவும் கூடும். மெதுவாக ஏறும் அளவுகளை 1908-இல் வகுத்து வெளியிட்டவரும் முன்பு சொன்ன ஹோல்டேனே. அவ்வட்டவணைகளின் வழிவந்த முறைகளை அறியாமற் கடலில் இறங்குவது, கயிறில்லாமற் கல்லைக் கட்டிக்கொண்டு குதிப்பதற்கு ஒப்பானது.

இளைஞர்களே! நீந்தப் பழகுங்கள், சுழியோடவும் பழகுங்கள். நீர் சூழ்ந்த நாட்டிற் பிறந்தவர்க்கு அஃது அழகு. ஆயின் தனியே தாழாதீர்கள். தாழுமுன் வேகவேகமாக மூச்சிழுக்கும் உபாயத்தை ஒருபோதும் செய்யாதீர்கள். நண்பன் நீருக்குள் இருக்கும்போது எண்ணிக்கையைப் பார்க்காமல் அவனைப் பாருங்கள். பெரியோர்களே! குளக்கரையிற் பிள்ளைகள் கூச்சலிட்டால் ஏசுங்கள். கூச்சல் திடீரென்று நின்றால் ஓடுங்கள். அன்று எம் நண்பனைக் காப்பாற்றியது அந்த ஓட்டமே.

மன்னார்ச் சலாபத்தின் வரலாற்றிலே மன்னரும் தேசாதிபதிகளும் கம்பெனிகளும் வந்து போயினர். பாரின்மேல் நின்ற படகில் மாறாதிருந்தது ஒன்றே: கீழே ஒருவர் மூச்சடக்கியிருக்க, மேலே ஒருவர் கண்ணிமைக்காமற் கயிற்றைப் பிடித்திருந்தார். முத்தெடுத்தவரின் புகழை நாம் பேசுகிறோம். கயிறு பிடித்தவரின் கடமையையும் நினைவிற் கொள்வோமாக.